வேனிலேயே தங்கி ஊர் சுற்றலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். லாட்ஜ் அறையை நம்பாமல், வேனிலேயே படுத்து, சமைத்து ஊர் சுற்ற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பழைய டெம்போ டிராவலர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். முதல் பயணமாகக் கடலூரிலிருந்து கடலோரமாகவே சிதம்பரம், பிச்சாவரம் வரை போகலாம் என்றிருக்கிறோம். இது சட்டப்படி சரிதானா? ராத்திரி எங்கே நிறுத்துவது? எந்த மாதம் நல்லது?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள் ஐயா. ஆனால் பட்டறைக்காரருக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பாளர் கொடுத்த விவரம் எப்படி இருக்கிறதோ, வண்டியும் அப்படியே இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. சீட்டைக் கழற்றினாலே ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கை தப்பாகிவிடும். அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்து நடந்த பிறகு கையை விரித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

முறையான வழியும் இருக்கிறது. 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட வாகனப் பட்டியலில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனமாகவே இடம்பெற்றிருக்கிறது. கேரவன்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரமும் உண்டு. அந்தத் தரச்சான்றோடு கட்டித்தரும் நிறுவனத்திடம் வாங்கினால் பதிவில் சிக்கல் வராது, செலவுதான் கூடும். நீங்கள் பார்த்திருக்கும் வண்டி மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா என்பதையும் கவனியுங்கள். டூரிஸ்ட் பெர்மிட்டில் ஓடிய வண்டியென்றால் அதைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றுவது தனி வேலை.

என் யோசனை இதுதான்: முதல் பயணத்துக்கு வண்டியில் எதையும் வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். சீட்டு மடங்கும் வேன் ஒன்று கிடைத்தால், அதன் மேல் கழற்றி மாட்டும் பிளைவுட் பலகையும் நாலு அங்குல ஃபோம் மெத்தையும் போதும். அடுப்பை வெளியே இறக்கி வைத்துச் சமையுங்கள். கழிவறை கட்டவே வேண்டாம். தொட்டியை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு இந்தப் பக்கத்தில் விடை இல்லை, உப்பனாற்றிலோ பிச்சாவரத்துக் கழிமுகத்திலோ கொட்டுவது பெரும் பாவம். இரவு அவசரத்துக்கு மூடி போட்ட சிறிய போர்ட்டபிள் டாய்லெட் ஒன்று இருந்தால், காலையில் தங்குமிடத்துக் கழிவறையில் கொட்டிக் கழுவிவிடலாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் வேனுக்குள் ஹீட்டர் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் கடலோரத்தில் பிரச்சினையே புழுக்கம்தான். 100 ஏ.எச்., 12 வோல்ட் லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 1.2 யூனிட் மின்சாரம் நிற்கும். 20 வாட் விசிறி இரவு பத்து மணி நேரம் ஓடினாலும் 0.2 யூனிட்தான். விளக்கு, செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்தாலும் ஒரு சோலார் பேனல் ஈடுகட்டிவிடும். ஏசி என்றால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி காலி. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, காற்று குறுக்கே போக வழி செய்யுங்கள்.

ஏசிக்காக ஜெனரேட்டர் வைக்கும் யோசனை இருந்தால் கைவிட்டுவிடுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காரணம், ஜெனரேட்டர் புகையிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு எதுவுமே தெரியாது. கதவை மூடிக்கொண்டு கேஸ் அடுப்பு எரித்தாலும் இதே ஆபத்து உண்டு.

இனி இரவு. கடலூரிலோ சிதம்பரத்திலோ வேனை நிறுத்தித் தூங்க என்றே ஒதுக்கிய இடம் கிடையாது. கேரளத்தில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை போட்டு, வாகமண்ணில் பூங்காவும் திறந்துவிட்டார்கள். நம் கடற்கரைக்கும் அப்படி ஒன்று வர வேண்டும். அதுவரை காம்பவுண்டு உள்ள லாட்ஜ் அல்லது ஓட்டல் மேனேஜரிடம் நேரே கேளுங்கள். பணம் கொடுத்து நிறுத்திக்கொள்கிறோம், குளியலறை மட்டும் வேண்டும் என்றால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். பெரிய பெட்ரோல் பங்க்கிலும் கேட்கலாம்.

கடற்கரையில் மட்டும் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தேவனாம்பட்டினமோ சாமியார்பேட்டையோ, வெறும் மணலாகத் தெரிகிற இடம் மீனவர்களுக்கு வேலை செய்யும் களம். வலை காய்வது அங்கே, படகு ஏறி இறங்குவதும் அங்கேதான். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களின் பாதையை உங்கள் வேன் அடைத்து நிற்கக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். சொல்லாமல் நின்றால் நடு இரவில் கடலோரப் போலீசார் கதவைத் தட்டி விசாரிப்பார்கள், அது அவர்கள் கடமை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். வேன் விளக்கைக் கடல் பக்கம் எரியவிடாதீர்கள். வெளிச்சம் கண்டால் தாய் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சுகள் திசை தப்பிவிடும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ.தான். வேகமாகப் போனால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அப்படிப் போகாதீர்கள். கெடிலம் கடலில் சேரும் இடத்துக்கு அருகே செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் இருக்கின்றன. 1690-ல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய கோட்டை அது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் சில ஆண்டுகள் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாகவும் இருந்தது. வழியில் பிரிந்து பரங்கிப்பேட்டைக்குப் போனால் வெள்ளாறு கடலில் கலப்பதைப் பார்க்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் இருப்பதும் அங்கேதான்.

சிதம்பரத்தில் வேனைக் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளுக்குள் ஓட்டிச் செல்லாமல் வெளியே நிறுத்தி ஆட்டோவில் போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் கொத்சு சாப்பிடாமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பிச்சாவரத்துக்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் ஒதுக்குங்கள். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகையே நான் சொல்வேன், குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். நீர் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால் வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து நட்டு வைத்த குச்சிகளைப் போல ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டுத் தொங்குவதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எந்தக் கிளையையும் ஒடிக்க வேண்டாம். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. 2022-ல் இந்தக் காடு ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. இது காப்புக்காடு, எனவே இரவுத் தங்கலும் அடுப்பு மூட்டுவதும் கூடாது. மாலைக்குள் சிதம்பரம் திரும்பிவிடுங்கள்.

போக ஏற்ற காலம், பொங்கல் முடிந்ததிலிருந்து மாசி வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரைக்கு வேன் பயணம் வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் கடலூரைப் புரட்டிப் போட்ட தானே புயலை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிவராத்திரியை ஒட்டிப் போனால் நாட்டியாஞ்சலியும் பார்க்கலாம், ஆனால் வண்டி நிறுத்த இடத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வண்டிக்காரரிடம் முதலில் ஆர்.சி.யின் ஜெராக்ஸ் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், நீங்கள் செய்ய நினைக்கும் மாற்றங்களைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகே விலை பேசுங்கள்.