இன்றைய ஆட்டமா, நாளைய ஆட்டமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

ஹாக்கி என்றதும் நம் நினைவுக்கு வருவன புல்தரையும், வளைந்த மட்டையும், வெள்ளைப் பந்தும். கனடா நாட்டுச் சிறுவனிடம் அதே சொல்லைச் சொன்னால் அவன் கண்முன் விரிவது பனிக்கட்டித் தளம். அங்கே பந்து இல்லை. கறுப்பு ரப்பர் வட்டு உண்டு. ஓட்டம் இல்லை, காலணியின் அடியில் பொருத்திய எஃகுத் தகட்டின்மேல் வழுக்கிச் செல்லும் விரைவு உண்டு.

இந்தப் பனி ஹாக்கியின் ரசிகர்களிடையே ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு வாதம் எழும். "அந்த மூத்த நடுவாட்டக்காரரை நம் அணிக்குக் கொண்டுவரலாமா? அவருக்கு ஈடாக நம் இளைஞனைக் கொடுக்கலாமா?" என்பதே அந்த வாதம். கடையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் அது ஓயாது. கணிதம் பயிலும் மாணவன் என்ற முறையில் அதை ஆராயப் புகுந்தேன். விளையாட்டோடு நின்றுவிடும் வாதமாக அது எனக்குத் தோன்றவில்லை. ஆதலின் அதை உங்கள்முன் வைக்கிறேன்.

நடுவாட்டக்காரர் யார்?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1917-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 2024-25 பருவத்தில் அதில் 32 அணிகள். அணி ஒன்றுக்கு 82 ஆட்டங்கள். களத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர் நிற்பர். ஒருவர் கோல்காப்பாளர், இருவர் தடுப்பாளர், மூவர் முன்னணியினர். அம்மூவரில் நடுவில் ஆடுபவரே 'சென்டர்' எனப்படும் நடுவாட்டக்காரர்.

ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போதெல்லாம் நடுவர் வட்டைப் பனியின்மேல் இடுவார். எதிரெதிரே குனிந்து நிற்கும் இருவர் அதற்குப் போராடுவர். பெரும்பாலும் அந்தப் போராட்டம் நடுவாட்டக்காரர்களுடையது. முன்னேறித் தாக்கும்போது இருபுறமும் உள்ள தோழர்களுக்கு வட்டை வழங்குவதும், எதிரணி தாக்கும்போது முதலில் பின்வாங்கித் தடுப்பாளருக்குத் துணைநிற்பதும் அவர் கடமைகளே. இந்தப் பொறுப்பைக் கால் மட்டும் கற்றுத் தராது. ஆண்டுகள் கற்றுத் தரவேண்டும். மூத்த நடுவாட்டக்காரருக்கு மதிப்பு ஏற்படுவது இதனால்தான்.

ஆனால் அதே ஆண்டுகள் உடலை விட்டுவைப்பதில்லை. முன்னணி ஆட்டக்காரர்களின் கோல் எடுக்கும் திறன் இருபதுகளின் நடுப்பகுதியில் உச்சத்தை எட்டி, முப்பதைத் தாண்டியபின் மெல்லச் சரிகிறது. அறிவு ஏறும்போது கால் தளர்கிறது. வாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மாற்றும் முறை

அந்த லீகில் ஓர் அணி தன் வீரரை மற்றோர் அணிக்குக் கொடுத்து, ஈடாக வேறு வீரரையோ, இளைஞர் தேர்வில் தனக்குள்ள வாய்ப்பையோ பெறலாம். இளைஞர் தேர்வு என்பது ஆண்டுக்கொரு முறை பதினெட்டு வயதை ஒட்டிய இளைஞர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அந்த வரிசையில் ஓர் இடமே பண்டமாற்றுக்கு உரிய பொருளாகிவிடுகிறது. இன்னும் பெயர் தெரியாத ஒரு பிள்ளையைக் கொடுத்து, ஊரறிந்த ஒருவரை வாங்குகிறார்கள்!

பணத்தைக் கொட்டி எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கவும் இயலாது. 2005-06 பருவம் முதல் அணிகளுக்கு ஊதிய வரம்பு உண்டு. முதல் ஆண்டில் 3 கோடியே 90 லட்சம் டாலராக இருந்த அது, 2024-25 பருவத்தில் 8 கோடியே 80 லட்சம் டாலர் ஆயிற்று. ஒருவருக்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றொருவருக்குக் குறைக்க வேண்டும். நம் வீட்டு மாதக் கணக்குப் போன்றதுதான்.

இரு கட்சிகள்

ரசிகர்கள் இரண்டாகப் பிரிகின்றனர். முதல் கட்சியினர், "இந்த ஆண்டு நம் அணி வலுவாக இருக்கிறது. இப்படி ஒரு தருணம் இன்னொரு முறை வருமா? கோப்பையை வென்றவர் ஒருவர் உடன் இருந்தால் இளைஞர்கள் கலங்கமாட்டார்கள். வாங்குங்கள்!" என்பர். இவர்களை இன்றைக் கட்சி எனலாம்.

மறு கட்சியினர், "அவருடைய ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. மூன்று மாதம் ஆடிவிட்டுப் போய்விடுவார். அதற்காகப் பத்தாண்டு ஆடப்போகும் பிள்ளையைக் கொடுப்பதா?" என்பர். இவர்கள் நாளைக் கட்சி. ஒப்பந்தம் முடியும் நிலையில் வரும் வீரரை 'வாடகை வீரர்' என்றே ரசிகர்கள் அழைப்பதுண்டு.

இரண்டு கட்சியும் பேசுவது நியாயம்தான். எனவே நடந்தவற்றைப் பார்ப்போம்.

ஒரே சங்கிலியில் மூன்று மாற்றங்கள்

1985-ஆம் ஆண்டு கால்கரி ஃப்ளேம்ஸ் அணி, கென்ட் நில்சன் என்னும் நடுவாட்டக்காரரை மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் அணிக்குக் கொடுத்தது. அவர் 1980-81 பருவத்தில் கோல்களும் கோலுக்குச் செய்த உதவிகளும் சேர்த்து 131 புள்ளிகள் எடுத்தவர். ஈடாகக் கால்கரி பெற்றவற்றுள் ஒன்று, அவ்வாண்டு இளைஞர் தேர்வின் இரண்டாம் சுற்றில் ஓர் இடம். அந்த இடத்தில் 27-ஆவதாகத் தேர்வானவர் ஜோ நியூவெண்டைக். தம் முதல் முழுப் பருவமான 1987-88-இல் அவர் 51 கோல்கள் எடுத்தார். 1989-இல் கால்கரி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அவரும் அணியில் இருந்தார். நாளைக் கட்சிக்கு வெற்றி!

பத்தாண்டுகள் சென்றன. நியூவெண்டைக் இப்போது 29 வயது மூத்தவர்; ஊதியப் பேச்சு முறிந்ததால் ஆடாமல் ஒதுங்கியிருந்தார். 1993-இல் டெக்சாஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து டல்லஸ் ஸ்டார்ஸ் எனப் பெயர் பெற்றிருந்தது அந்தப் பழைய மினசோட்டா அணி. 1995 டிசம்பர் 19 அன்று அவ்வணி நியூவெண்டைக்கைப் பெற்றுக்கொண்டது. ஆம், பத்தாண்டுக்கு முன் கைவிட்ட தேர்விடத்தில் முளைத்தவரையே அது திரும்ப வாங்கியது! ஈடாகக் கோரி மில்லன் என்ற வீரரையும், ஜெரோம் இகின்லா என்னும் பதினெட்டு வயது இளைஞரை ஆடவைக்கும் உரிமையையும் கொடுத்தது.

விளைவு என்ன? அந்தப் பருவத்தில் டல்லஸ் கோப்பைச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. அன்று கேட்டிருந்தால் பலர் "ஏமாந்தோம்" என்றிருப்பர். 1999-இல் டல்லஸ் கோப்பையை வென்றது. கோப்பைச் சுற்றுகளில் 11 கோல்கள் எடுத்த நியூவெண்டைக் சிறந்த வீரர் விருதைப் பெற்றார்.

கால்கரியோ 1996-97 முதல் ஏழு பருவங்கள் கோப்பைச் சுற்றுகளை எட்டவில்லை. ஆயினும் இகின்லா வளர்ந்தார். 2001-02-இல் 52 கோல்களுடன் லீகிலேயே முதலிடம் பெற்றார். 2004-இல் அணியை இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்றார். ஏழாவது ஆட்டத்தில் தம்பா பே அணியிடம் கோப்பை நழுவியது. கால்கரிக்காக அவர் எடுத்த கோல்கள் 525. நியூவெண்டைக் 2011-இலும் இகின்லா 2020-இலும் ஹாக்கிப் புகழ்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இந்த மாற்றத்தில் யார் வென்றார்? ஒருவருக்குக் கோப்பை; மற்றவருக்குப் பதினைந்தாண்டுத் தலைமகன். இருவரும் வென்றனர் என்பதே என் எண்ணம்.

மூன்றாவது மாற்றம் 2002 மார்ச்சில் நிகழ்ந்தது. 35 வயதான நியூவெண்டைக்கை ஜேமி லாங்கன்புரூனருடன் நியூ ஜெர்சி டெவில்ஸ் பெற்றது. 2003-இல் அவ்வணி கோப்பையை வென்றது. ஆனால் காயத்தால் நியூவெண்டைக் இறுதிப் போட்டியில் ஆடவில்லை. அந்தக் கோப்பைச் சுற்றுகளில் 11 கோல்கள் எடுத்து முதலிடம் பெற்றவர் உடன்வந்த லாங்கன்புரூனர்! பேசப்பட்டவர் ஒருவர், கைகொடுத்தவர் வேறொருவர்.

கணக்கு என்ன சொல்கிறது?

கோப்பைச் சுற்றுகளுக்கு 16 அணிகள் தகுதி பெறும். கோப்பையைத் தொட நான்கு சுற்றுகள் வெல்ல வேண்டும். ஒவ்வொன்றும் ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் போட்டி. ஒரு வலுவான அணி எந்தச் சுற்றையும் வெல்லும் நிகழ்தகவு 0.6 எனவும், ஒரு சுற்றின் முடிவு மற்றதைப் பாதிக்காது எனவும் கொள்வோம். நான்கையும் வெல்லும் நிகழ்தகவு 0.6-இன் நான்காம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 0.13.

மூத்த நடுவாட்டக்காரர் வந்ததால் சுற்றுக்கு 0.65 ஆயிற்று என்போம். இப்போது விடை ஏறத்தாழ 0.18. ஆக, அவர் கொண்டுவருவது கோப்பையன்று. நூற்றில் ஐந்து வாய்ப்பு. அவர் வந்த பின்னும் நூற்றில் 82 முறை அந்த அணி தோற்கவே செய்யும். இந்தச் சிறு பெருக்கல் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கிற்று. தோற்ற அணி தவறான முடிவு எடுத்த அணி என்று சொல்ல இயலாது. வென்ற அணி சரியான முடிவு எடுத்தது என்றும் சொல்ல இயலாது.

2022-ஆம் ஆண்டு இதற்குச் சான்று. பிலடெல்பியா அணியின் தலைவராக ஒன்பது ஆண்டுகள் இருந்த கிளாட் ஜிரூ, மார்ச் 17 அன்று அவ்வணிக்காகத் தம் 1000-ஆவது ஆட்டத்தை ஆடினார். இரண்டு நாள் கழித்து ஃபுளோரிடா அணிக்கு மாற்றப்பட்டார். அப்பருவத்தில் 122 புள்ளிகளுடன் லீகிலேயே முதலிடம் பெற்றது ஃபுளோரிடா. ஆயினும் இரண்டாம் சுற்றில் தம்பா பேயிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. கோடையில் ஜிரூ ஒட்டாவா அணிக்குச் சென்றுவிட்டார். ஈடாகக் கொடுக்கப்பட்டவர்களுள் ஒருவரான ஓவன் டிப்பெட் அடுத்த பருவத்தில் பிலடெல்பியாவுக்காக 27 கோல்கள் எடுத்தார். "பார்த்தீர்களா?" என்றது நாளைக் கட்சி. ஆனால் 2024-இலும் 2025-இலும் ஃபுளோரிடாவே கோப்பையை வென்றது! கொடுத்ததால் அந்த அணியின் நாளை அழிந்துவிடவில்லை. எந்தத் தேதியில் நின்று பார்க்கிறோமோ அந்தத் தேதிக்கு ஒரு தீர்ப்பு.

தராசில் ஏறாதது

ஒன்றை மறத்தலாகாது. இங்கே எடைபோடப்படுபவர் மனிதர். தம் ஒப்புதல் இன்றி மாற்றக்கூடாது என்ற நிபந்தனை ஜிரூவின் ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் விரும்பிய இடத்துக்கே சென்றார். பதினெட்டு வயது இகின்லாவுக்கு அவ்வுரிமை இல்லை. ஓர் இரவில் ஊர் மாற வேண்டியவருக்கு மனைவி மக்கள் உண்டு, பள்ளிக்குச் செல்லும் குழந்தை உண்டு என்பது வாதத்தின் சூட்டில் மறந்துபோகிறது. நிகழ்தகவு இதை அளக்காது. அளக்காததால் அது இல்லையென்று ஆகாது.

இந்த வாதம் என்னைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது ஒரு மோட்டார் பட்டறையில் நாள்கூலி வேலை தயாராக இருந்தது. பெரியப்பா, "இன்னைக்கு வர்ற காசு நிசம். மூணு வருசம் கழிச்சு என்ன வரும்னு யாரு கண்டா?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. வீட்டில் கடன் இருந்தது. அப்பா, "அவனையே கேட்டுருவோம்ணே" என்றார். கேட்டார்கள், சேர்த்தார்கள். மூன்றாண்டுக் கூலியை விட்டுக்கொடுத்து என் பெற்றோர் நாளைக் கட்சியில் சேர்ந்தனர்.

எனக்கு வேலை கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பது தெரியாது. கிடைத்தால் "நல்ல முடிவு" என்றும், தாமதமானால் "அன்றே சொன்னேனே" என்றும் ஊர் பேசும். ஆனால் அந்த முடிவை அன்று தெரிந்தவற்றைக் கொண்டே அளக்க வேண்டும் என்பதை இந்த ஆட்டத்தின் கணக்கு எனக்குக் காட்டியது. என்னைக் கேட்டு எடுத்த முடிவு என்பதும் அந்த அளவில் சேரும்.

முடிவாக

ஒரு மாற்றத்தை எடைபோட மூன்று வினாக்கள் போதும் என்பது என் கருத்து. அன்று என்ன தெரிந்திருந்தது? வாங்கியது எத்தனை வாய்ப்பு, அதற்கு விட்டது எத்தனை ஆண்டு? மாற்றப்பட்டவரை யாரேனும் கேட்டார்களா? கோப்பை யாரிடம் சென்றது என்பது நான்காவது வினாவாக வரட்டும்.

பனி ஹாக்கி ரசிகர்கள் அடுத்த பருவத்திலும் வாதிடுவர். வேறொரு மூத்தவர், வேறொரு பெயரறியா இளைஞன். இன்று மூத்தவராக நிற்பவரும் ஒருநாள் தேர்வுப் பட்டியலில் 27-ஆவது பெயராக இருந்தவர்தாம் என்பதை இரு கட்சியும் நினைவில் கொண்டால், அந்த வாதம் இன்னும் அழகாக இருக்கும்.