500 பெரிசா, 325 பெரிசா?
(இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் கதை)



தலைப்பில் உள்ள கேள்விக்கு ஒண்ணாம் வகுப்புப் பையன்கூட விடை சொல்லிவிடுவான். ஆனால் கம்ப்யூட்டர் கடையில் அந்த விடை நம் காலை வாரிவிடலாம். போன லீவில் என் பெரியப்பா வீட்டு அண்ணன், வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவந்தார். வீட்டில் மாட்டிப் பார்த்தால், அவர் ஆசைப்பட்ட விளையாட்டு மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. "பெரிய நம்பரைப் பார்த்துதானேடா வாங்கினேன்!" என்று ஒரே புலம்பல். இந்த ஏமாற்றம் புதுசு இல்லை. 2003-ல் உலகத்துக்கே பாடம் சொன்ன இரண்டு கார்டுகளை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போமா?

கிராபிக்ஸ் கார்டு என்ன செய்கிறது?

திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. 1024 x 768 அளவுள்ள திரையில் 7,86,432 புள்ளிகள். நொடிக்கு 60 படம் காட்டணும் என்றால் சுமார் 4.7 கோடிப் புள்ளிகளுக்கு நிறம் தீட்டியாகணும். ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருள்கள் மறைக்கும்போது ஒரே புள்ளியைப் பலமுறை தீட்ட வேண்டிவரும். இந்த வேலையைத் தனியாக எடுத்துச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு.

போட்டியாளர்கள்

முதல் கார்டு, ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 9700 ப்ரோ. 2002 ஆகஸ்டில் கடைக்கு வந்தது. (ஏ.டி.ஐ.யை 2006-ல் ஏ.எம்.டி. வாங்கிவிட்டது.) இரண்டாவது, என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ரா. 2002 நவம்பரில் அறிவித்தார்கள்; கடைக்கு வந்தது 2003-ல். இரண்டுக்கும் அறிவித்த விலை ஒன்றுதான்: 399 டாலர்.

விவரம்: ரேடியான் / ஜிஃபோர்ஸ்
சிப்பின் வேகம்: 325 / 500 மெகாஹெர்ட்ஸ்
நினைவக வேகம்: 620 / 1000 (நொடிக்கு, மில்லியன் தடவை)
நினைவகப் பாதை: 256 / 128 பிட்
ஒரு துடிப்பில் தீட்டும் புள்ளிகள்: 8 / 4
நினைவகம்: இரண்டிலும் 128 மெகாபைட்

மேலே உள்ள இரண்டு வரியை மட்டும் படித்தால் ஜிஃபோர்ஸ்தான் ராஜா. அது 0.13 மைக்ரான் என்ற புதுத் தொழில்நுட்பத்தில் செய்தது. ரேடியானோ பழைய 0.15 மைக்ரான். ஆனாலும் அன்றைய சோதனைகள் பலவற்றில் பழைய கார்டு ஈடு கொடுத்தது. கடினமான வேலைகளில் முந்தியும் போனது. எப்படி?

கல்யாணப் பந்தியைப் பாருங்கள்

ஒரு பந்தியில் 8 பேர் நிதானமாகப் பரிமாறுகிறார்கள். இன்னொன்றில் 4 பேர் ஓடி ஓடிப் பரிமாறுகிறார்கள். எங்கே சாப்பாடு சீக்கிரம் வரும்? கணக்குப் போடாமல் சொல்ல முடியாது.

ரேடியான்: 325 x 8 = 2600 (நொடிக்கு 260 கோடிப் புள்ளி)
ஜிஃபோர்ஸ்: 500 x 4 = 2000 (நொடிக்கு 200 கோடிப் புள்ளி)

அடுத்தது சமையல்கட்டு வாசல். ஆள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாசல் குறுகல் என்றால் நெரிசல்தான். அந்த வாசல்தான் நினைவகப் பாதை. வேகத்தை அகலத்தால் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுக்கணும்.

ரேடியான்: 620 x 256 / 8 = 19,840. அதாவது நொடிக்குச் சுமார் 19.8 ஜிகாபைட்
ஜிஃபோர்ஸ்: 1000 x 128 / 8 = 16,000. அதாவது நொடிக்கு 16 ஜிகாபைட்

பார்த்தீங்களா? இரண்டு கணக்கிலும் "சின்ன நம்பர்" கார்டு ஜெயித்துவிட்டது!

ஜிஃபோர்ஸுக்கும் நியாயம் சொல்லணும். அதன் 4 பேரும் இரண்டு கையிலும் வாளி தூக்குபவர்கள். ஒரே புள்ளியின் மேல் இரண்டு படத்தோலை ஒரே நேரத்தில் ஒட்டும்போது 500 x 8 = 4000 என்று எகிறிவிடும். அதனால்தான் குவேக் 3 போன்ற பழைய விளையாட்டுகளில் அது நன்றாக ஓடியது. புது விளையாட்டுகளிலோ ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் கணக்கு போடணும். அதற்கு டைரக்ட்எக்ஸ் 9 விதி குறைந்தது 24 பிட் துல்லியம் கேட்டது. ரேடியானில் சரியாக 24 பிட். ஜிஃபோர்ஸில் 16 அல்லது 32 மட்டுமே. 16 போதாது, 32 போட்டால் மெதுவாகும். இருதலைக்கொள்ளி எறும்பு நிலைமை!

சூடு வேறு. அதை ஆற்ற வைத்த பெரிய விசிறி பக்கத்து ஸ்லாட்டையும் அடைத்துக்கொண்டது. அதன் இரைச்சலைக் கேட்டு "தூசி உறிஞ்சும் மெஷின்" என்றே கிண்டல் செய்தார்கள்.

கேள்வித்தாள் முன்பே தெரிந்தால்?

கார்டுகளை அளக்கவே எழுதிய புரோகிராமுக்கு பெஞ்ச்மார்க் என்று பெயர். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2003 மே மாதம், த்ரீடிமார்க் 03 என்ற சோதனையைத் தயாரித்த பியூச்சர்மார்க் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. சோதனையில் கேமரா எப்போதும் ஒரே வழியில்தான் போகும். கேமராவுக்குத் தெரியாத இடங்களை வரையாமலே விட்டுவிடும்படி என்விடியாவின் டிரைவர் எழுதப்பட்டிருந்ததாம். சோதனையை மாற்றியதும் புதிய 5900 அல்ட்ராவின் மதிப்பெண் சுமார் 24 சதவீதம் இறங்கியது. ஏ.டி.ஐ. கார்டுக்கும் சுமார் 2 சதவீதம் குறைந்தது. அடுத்த மாதமே பியூச்சர்மார்க்கும் என்விடியாவும் சேர்ந்து, இது ஏமாற்று இல்லை, ஒரு புரோகிராமுக்கென்று செய்த சீரமைப்பு என்று அறிக்கை விட்டார்கள். பெயர் எதுவானாலும் சரி, வரப்போகும் கேள்வியை மட்டும் படித்துவிட்டுப் போனவன் பாடத்தைப் படித்தவன் ஆவானா?

தவறைத் திருத்திய விதம்

அந்த 5900 அல்ட்ராவில் என்விடியா செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிப்பின் வேகத்தை 500-லிருந்து 450-ஆகக் குறைத்தார்கள். நினைவக வேகத்தையும் 1000-லிருந்து 850-ஆகக் குறைத்தார்கள். ஆனால் பாதையை 256 பிட்டாக அகலமாக்கினார்கள். எண்கள் சிறுத்தன, கார்டு தேறிவிட்டது!

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

1. ஒரே ஒரு எண்ணைப் பார்த்துக் கார்டு வாங்காதீங்க. வேகம், அகலம் இரண்டையும் பெருக்கிப் பாருங்க.
2. ஒப்பிடும்போது கார்டைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கணும். அதே கம்ப்யூட்டர், அதே விளையாட்டு, அதே திரை அளவு.
3. ஒரு சோதனை போதாது. நீங்கள் ஓட்டப்போகும் புரோகிராமிலேயே பார்ப்பது உத்தமம்.

இந்த இரண்டு கார்டையும் மாட்டும் ஏ.ஜி.பி. ஸ்லாட் இன்றைய போர்டுகளில் கிடையாது. ஆனால் பெருக்கல் கணக்கு மாறவில்லை. அடுத்த தடவை கடைக்குப் போகும்போது அண்ணன் என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு போவேன்!

உங்களுக்கு ஒரு கணக்கு: 5900 அல்ட்ராவின் நினைவகம் நொடிக்கு எத்தனை ஜிகாபைட் அனுப்பும்?

(விடை: 850 x 256 / 8 = 27,200. அதாவது 27.2 ஜிகாபைட்)

— பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்