கயிறு யார் கையில்?

"என் பணம், என் வீடு, என் இஷ்டம், கேட்க யார் இருக்கிறார்கள்?" என்ற பேச்சு நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. இப்படிப் பேசுகிறவர் வீட்டில் ஒரு நிக்காஹ் நிச்சயமாகட்டும். அன்று முதல் அவருடைய இஷ்டம் எங்கே போகிறது? எத்தனை பவுன் போடுவது, எத்தனை பேருக்குச் சோறு ஆக்குவது, மாப்பிள்ளை வீட்டுக்கு என்னென்ன சீர் அனுப்புவது என்பதையெல்லாம் ஊர் வழக்கம் தீர்மானிக்கிறது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் அவருடைய சொந்த வேலை!

"ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் பெண்ணைப் பெற்ற வாப்பா என்ன சொல்கிறார்? "ஹஜ்ரத், அவர்கள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் என் பிள்ளைக்குச் செய்கிறேன்" என்கிறார். "சரி, செய்யாமல் விட்டால்?" என்று கேட்டால், "அது எப்படி ஹஜ்ரத்? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்கிறார். முதல் பதில் வாயிலிருந்து வந்தது. இரண்டாம் பதில் கல்பிலிருந்து வந்தது. விட்டுவிட முடியாத ஒன்றுக்கு விருப்பம் என்று பெயரில்லை. அது கட்டளை. கட்டளையிட்டது யார் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று வரதட்சணைத் தடைச் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் அதில் சேராது என்றும் அச்சட்டம் கூறுகிறது. பிறகும் கைக்கூலி ஒழிந்ததா? 'அன்பளிப்பு' என்று பெயரை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். "நானாகத்தான் கொடுத்தேன்" என்று கொடுத்தவரே சாட்சி சொல்லும்போது சட்டம் என்ன செய்யும்?

சஹாபாக்களின் காலத்தைப் பாருங்கள். ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் மணம் முடித்தார்கள். அந்தச் செய்தி கண்மணி நாயகம் (ஸல்) அவர்களுக்கே பிறகுதான் தெரியவந்தது. அவர் மீதிருந்த நறுமணப் பூச்சின் மஞ்சள் நிறத்தைக் கண்டு விசாரித்தார்கள். ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கத்தை மஹராகக் கொடுத்ததாக அவர் சொன்னார். "என்னை ஏன் அழைக்கவில்லை?" என்று நபியவர்கள் கோபித்தார்களா? இல்லை. பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். ஓர் ஆட்டைக் கொண்டாவது வலீமா கொடுக்கும்படி சொன்னார்கள். இன்று அழைப்புக் கொடுக்க ஒரு நாள் தாமதமானதற்காக ஆயுள் முழுவதும் பேசாமல் இருக்கும் சொந்தங்கள் நம்மிடையே எத்தனை!

'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற அச்சம் சிறியதன்று. நபியவர்களின் பெரிய தந்தை அபூதாலிப் ஆண்டுக்கணக்கில் அவர்களைக் காத்து நின்றவர். மரணப் படுக்கையில் அவரிடம் கலிமாவைச் சொல்லும்படி நபியவர்கள் மன்றாடினார்கள். பக்கத்தில் இருந்த அபூஜஹ்லோ, அப்துல் முத்தலிபின் வழியை விடப்போகிறீரா என்று கேட்டான். மரணத்துக்குப் பயந்து சொல்லிவிட்டார் என்று குறைஷிகள் பழிப்பார்களே என்பதே அவருக்குத் தடையாயிற்று. உயிர் பிரியும் நேரத்திலும் ஊர்ப் பேச்சு ஒரு மனிதரைக் கட்டிப்போட்டது!

வழக்கம் எல்லாமே தவறு என்று நாம் சொல்லவில்லை. ஷரீஅத்துக்கு முரணாகாத ஊர் வழக்கத்தை ஃபுகஹாக்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். முன்னோர் செய்தார்கள் என்பதற்காகவே, சிந்திக்காமல் பின்பற்றுவதைத்தான் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 170ஆம் வசனம் கண்டிக்கிறது.

நம் முத்தையாபுரத்தை அடுத்த தூத்துக்குடிக் கடலில் முன்பு முத்துச் சலாபம் நடந்தது. 1955 முதல் 1961 வரை நடந்தவற்றுடன் அது முடிந்தது. கல்லின் துணையால் ஆழத்தில் இறங்குகிறவரின் கயிறு, தோணியில் நிற்பவர் கையில் இருக்கும். மூச்சு முட்டும் நேரத்தில் அவர்தான் மேலே இழுக்க வேண்டும். "நான் சுதந்திரமானவன், எனக்குக் கயிறு வேண்டாம்" என்று எவரேனும் இறங்குவாரா? நம்பத்தக்க கைதானா என்று பார்த்தே இறங்குவார். நாமும் அப்படித்தான். கயிறில்லாத மனிதன் இல்லை. அது நஃப்ஸின் கையிலோ ஊரின் கையிலோ அல்லாஹ்வின் கட்டளையிலோ இருக்கும். நம் விருந்தைச் சாப்பிட்டுப் போன ஊர், வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது கயிற்றை இழுக்க வருமா?

ஆகவே சகோதர சகோதரிகளே! அடுத்த விசேஷத்துக்குப் பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது மார்க்கத்தில் உண்டா? இல்லையென்றால், ஆகுமான வழக்கம்தானா? ஊரில் ஒருவரும் பார்க்கமாட்டார் என்றாலும் இதைச் செய்வேனா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் முதலில் அடிக்கட்டும். பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தைரியம் தானே வரும். நம் கலிமாவே 'லா' என்ற மறுப்பில்தான் தொடங்குகிறது. 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தவனே சுதந்திரமானவன்.

செல்வத்தை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று கியாமத்து நாளில் கேட்கப்படும்போது, 'ஊர் சொன்னது' என்ற பதில் உதவாது. அவனுக்கு மட்டுமே அடிமைகளாக வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.