அரபு நாடுகளின் நீர்நிலைகளும் அவை புகட்டும் பாடமும்

அரபு நாடுகள் என்றதும் மணற்பரப்பும், ஒட்டகமும், பேரீச்ச மரமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும், மேற்கே அட்லாண்டிக் கடற்கரையிலுள்ள மவுரிட்டேனியா முதல் கிழக்கே ஓமன் வரை பரந்துள்ள அந்நாடுகளில் ஏரிகளும், நாணற்காடுகளும், ஊற்று நீரால் செழிக்கும் சோலைகளும் பல உள்ளன. மழை குன்றிய நாட்டில் நீர்நிலை ஒன்று அழியுமாயின், அதற்கு மாற்று எளிதிற் கிட்டுவதில்லை. ஆதலால், அவற்றைக் காக்க ஆங்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளும், அம்முயற்சிகள் எய்திய வெற்றி தோல்விகளும், ஊர்ப் பொதுச் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பேற்றுள்ள பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர்களும் அறிந்துகொள்ளத்தக்கவை.

ஹிமா என்னும் பழைய முறை

பொது நிலத்தைக் காக்கும் வழக்கம் அரபு மக்களுக்குப் புதியதன்று. ‘ஹிமா’ என்ற அரபுச் சொல்லுக்குக் காக்கப்பட்ட இடம் என்பது பொருள். இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பு, வலிமை மிக்க குலத்தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களைத் தங்கள் கால்நடைகளுக்கென்றே ஒதுக்கிக்கொண்டனர். தலைவனுடைய நாயைக் குரைக்கச் செய்து, அவ்வொலி எட்டும் தூரம் வரை அவனுக்கே உரியதாக்கும் வழக்கம் இருந்ததென்று மரபுச் செய்தி ஒன்று கூறுகிறது. நபிகள் நாயகம் இவ்வாறு தனிமனிதர் நிலத்தை வளைத்துக்கொள்வதை விலக்கி, பொது நன்மையின் பொருட்டு மட்டுமே ஹிமா அமையலாம் என வகுத்தார். மதீனா நகருக்கு அருகே அந்நகீ என்னுமிடம் படைக் குதிரைகளின் மேய்ச்சலுக்காக ஒதுக்கப்பட்டது.

கி.பி. 634 முதல் 644 வரை ஆட்சி புரிந்த கலீபா உமர், ஹிமாவின் காவலருக்கு இட்ட கட்டளை சிந்திக்கத்தக்கது. சில ஆடுகளும் சில ஒட்டகங்களும் மட்டுமே உடைய எளியவனை உள்ளே விடவேண்டும். பெருஞ்செல்வர்களின் மந்தைகளைத் தடுக்க வேண்டும் என்பது அக்கட்டளையின் சாரம். அதற்கு அவர் காட்டிய காரணமும் தெளிவானது. செல்வனுடைய கால்நடை மடிந்தால், அவன் தன் பேரீச்சந் தோட்டத்தையும் வயலையும் கொண்டு பிழைத்துக்கொள்வான். ஏழையினுடைய கால்நடை மடிந்தாலோ, அவன் தன் மக்களை அழைத்துக்கொண்டு அரசின் வாயிலில் வந்து நிற்பான். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைக் காட்டிலும், இப்போது புல்லும் நீரும் கொடுப்பது எளிது.

பிற்காலத்தில் அரேபியக் கிராமங்களும் குலங்களும் தத்தம் நிலத்திற்கேற்ப ஹிமாவைப் பலவகையாக அமைத்துக்கொண்டன. சிலவற்றில் மேய்ச்சல் அறவே தடுக்கப்பட்டு, வறட்சிக் காலத்தில் புல் அறுக்க மட்டும் அனுமதி தரப்பட்டது. சில குறிப்பிட்ட பருவத்தில் மட்டுமே திறந்துவிடப்பட்டன. சிலவற்றில் ஆண்டு முழுதும் மேய்க்கலாம். ஆனால் கால்நடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சில தேனீ வளர்ப்புக்கென விடப்பட்டன. பூக்கும் பருவம் முடிந்த பின்னரே அவற்றில் மேய்ச்சல் நடைபெறும். வேறு சில, மரங்களை வெட்டாது காப்பதற்காக அமைந்தவை.

1950களில் சவூதி அரேபிய அரசு ஹிமா நிலங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு சாராருக்கு மட்டும் உரிமையாய் இருந்தது நீங்கி, அனைவருக்கும் பயன்படட்டும் என்ற எண்ணம் தவறானதன்று. ஆனால், பழைய காவல் போன இடத்தில் புதிய காவல் ஏற்படவில்லை. எல்லோருக்கும் உரியது என்றது, பொறுப்பேற்க எவருமில்லை என்றாயிற்று. பல இடங்களில் புல் வேரோடு அழிந்தது. அண்மைக் காலத்தில் இம்முறை மீண்டும் மதிப்புப் பெற்று வருகிறது. லெபனான் நாட்டில் 2004 முதல் ஊராட்சி மன்றங்கள் தாமே ஹிமாக்களை அறிவித்து, உழவர்களையும், மேய்ப்பர்களையும், வேட்டைக்காரர்களையும் கலந்து விதிகளை வகுத்துள்ளன. பெக்கா பள்ளத்தாக்கிலுள்ள கஃபர் ஸபாத் சதுப்பு நிலம் இவற்றுள் ஒன்று. பாசனத்திற்கும் பறவைகளுக்கும் நீர் ஒன்றே என்பதை அங்குள்ளோர் உணர்ந்து செயற்படுகின்றனர்.

வேலி இருந்தும் வற்றிய அஸ்ரக்

ஜோர்டான் நாட்டின் தலைநகரான அம்மானுக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் அஸ்ரக் என்னும் பாலைவனச் சோலை உள்ளது. அஸ்ரக் என்றால் நீலம் என்பது பொருள். ஆண்டு முழுவதிலும் 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத அவ்விடத்தில் நீர் எங்ஙனம் வந்தது? வடக்கே சிரியாவிலுள்ள மலைப்பகுதியில் பெய்யும் மழை, எரிமலைக் கற்பாறைகளின் இடுக்குகளில் ஊறி, நிலத்தடியே நெடுந்தூரம் நகர்ந்து, தாழ்ந்த இடமாகிய அஸ்ரக்கில் ஊற்றுக்களாய் வெளிப்பட்டது. அந்நீரைச் சுற்றி நாணல் வளர்ந்தது, எருமைகள் திளைத்தன. விரலளவேயான வெள்ளிநிற மீனினம் ஒன்று உலகில் வேறெங்குமின்றி இங்கு மட்டுமே வாழ்ந்தது. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பறந்து செல்லும் பறவைகள் இங்குத் தங்கி இளைப்பாறின. 1967ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஒரே நாளில் 3,47,000 பறவைகள் இருந்தனவாகக் கணக்கெடுக்கப்பட்டது.

இச்சோலையின் சிறப்பு அரசாங்கத்தாருக்குத் தெரியாததன்று. 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் சதுப்பு நிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பட்டியலில் அஸ்ரக் 1977இல் சேர்க்கப்பட்டது. 1978இல் அது காப்பிடமாகவும் அறிவிக்கப்பட்டது. எல்லை வரையறுக்கப்பட்டது; காவலும் அமைந்தது.

ஆனால், எல்லைக்குள் நின்ற காவலர்களால் எல்லைக்கு வெளியே நடந்ததைத் தடுக்க இயலவில்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து, பெருகிவரும் அம்மான் நகரின் குடிநீருக்காக அஸ்ரக் நிலத்தடி நீர் பெருமளவில் இறைக்கப்பட்டது. அதே காலத்தில் சுற்றுப்புற உழவர்கள் நூற்றுக்கணக்கான கிணறுகளைத் தோண்டினர். அவற்றுட் பல அனுமதியின்றித் தோண்டப்பட்டவை. ஆண்டுதோறும் ஊறி நிரம்பும் நீருக்கு ஈடாக எடுக்கத்தக்க அளவு ஏறத்தாழ 240 லட்சம் கனமீட்டர் என்பது நிபுணர்களின் மதிப்பீடு. எடுக்கப்பட்டதோ அதனினும் இருமடங்குக்கு மேல். நீர்மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கிற்று. 1992இல் ஊற்றுக்கள் முற்றிலும் நின்றன. நாணற்காடு காய்ந்தது; எருமைகள் இடம்பெயர்ந்தன. 2000ஆம் ஆண்டில் அதே பிப்ரவரி 2ஆம் நாள் எண்ணியபோது காணப்பட்ட பறவைகள் 1,200 மட்டுமே.

நட்டம் பறவைகளோடு நின்றுவிடவில்லை. அஸ்ரக்கின் நடுவே உப்புப் படுகை ஒன்று உண்டு. நன்னீர் மட்டம் தாழுமாயின் உவர்நீர் அவ்விடத்தை நோக்கி நகரும். கிணறுகள் சிலவற்றில் நீர் உவர்ப்பேறத் தொடங்கியது. ஆழமாகத் தோண்டியவன் அருகிலிருப்பவனுடைய நீரை மட்டுமின்றி, தன் பிள்ளைகளின் நீரையும் இறைத்துவிட்டவன் ஆனான். நகரத்திற்குக் குழாய் வழியே நீர் செல்லும்போது நாங்கள் மட்டும் ஏன் பாசனத்தைக் குறைக்க வேண்டும் என்று உழவன் கேட்பானாயின், அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதற்கு விடை தராமல் கிணறுகளை மூடச் சொல்வது எளிதில் நிறைவேறுவதன்று.

1994 முதல் சோலையை மீட்கும் பணி நடைபெற்று வருகிறது. ஆண்டுக்கு 15 லட்சம் கனமீட்டர் நீரைத் திருப்பி விடுவதாக நீர்த்துறை ஒப்புக்கொண்டது. ஆனால், பல ஆண்டுகளில் அதனினும் குறைவாகவே நீர் வந்தது. பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்கை மீட்பதே திட்டத்தின் நோக்கமாகக் கொள்ளப்பட்டது. எஞ்சியிருந்த அச்சிறு மீன்கள் சிலவற்றைப் பிடித்து, தனிக் குளத்தில் பெருக்கி, மீண்டும் நீரில் விட்டனர். அவ்வினம் பிழைத்தது. எனினும், தானே பொங்கிய ஊற்றுக்கு மாறாக, இன்று குழாய் நீரே அச்சோலைக்கு உயிர் கொடுக்கிறது.

பங்கு பெற்றுப் பிழைத்த ஏரி

டுனீசியா நாட்டின் வடபகுதியிலுள்ள இஷ்கேல் ஏரியின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. மழைக்காலத்தில் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து அதை நிரப்பும். கோடையில் நீர் குறைந்தபின், திஞ்ஜா என்னும் கால்வாய் வழியே கடலைச் சார்ந்த உவர்நீர் உட்புகும். இவ்விரண்டும் மாறி மாறி வருவதனால் விளைந்த நீர்ப்பூண்டுகளும் கோரைகளுமே, குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துக்களுக்கும் காட்டு அன்னங்களுக்கும் உணவாயின. இவ்வேரி 1980இல் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது.

பின்னர் ஆறுகளின் மேற்பகுதியில் நகரங்களின் குடிநீருக்காகவும் பாசனத்திற்காகவும் அணைகள் எழுந்தன. நன்னீர் வரத்துக் குறைந்து ஏரியில் உப்பு மிகுந்தது, கோரைகள் மடிந்தன, பறவைகள் குறைந்தன. 1996இல் அது ஆபத்துக்குள்ளான சின்னமாக அறிவிக்கப்பட்டது. அணைகளை இடிப்பது இயலாது. மக்களுக்கு நீர் வேண்டும். ஆதலின் நடுவழி ஒன்று காணப்பட்டது. வேறோர் அணையிலிருந்து நீர் கொணரப்பட்டு, ஏரிக்கு மேலுள்ள அணைகளின் சுமை குறைக்கப்பட்டது. கால்வாயிலுள்ள மதகு, நன்னீரைத் தேக்கவும் உவர்நீரைத் தடுக்கவும் பயன்பட்டது. 2002க்குப் பின் நல்ல மழையும் துணை செய்தது. 2006இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து இஷ்கேல் நீக்கப்பட்டது. ஏரியும் நீர் பெறும் உரிமையுடைய ஒரு பங்காளி என்று ஏற்றுக்கொண்டதனாலேயே இது கைகூடிற்று.

இராக்கின் நாணற்காடுகள்

இராக் நாட்டின் தென்பகுதியில் டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகள் பரவிப் பாயும் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 15,000 சதுர கிலோமீட்டருக்குக் குறையாதிருந்தது. அங்கு வாழும் மக்கள் நாணலால் வீடு கட்டி, எருமை வளர்த்து, மீன் பிடித்து, பன்னெடுங்காலம் வாழ்ந்தனர். 1991இல் நிகழ்ந்த கிளர்ச்சிக்குப் பின்னர், அன்றைய அரசாங்கம் கரைகளும் கால்வாய்களும் அமைத்து அந்நீரை வேறு வழியில் திருப்பியது. 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வறண்டுபோயிற்று. மக்களிற் பெரும்பாலோர் அகதிகளாயினர்.

2003இல் ஆட்சி மாறியதும், ஊர்மக்கள் தாமே மண்வெட்டி கொண்டு கரைகளை வெட்டி நீரை உள்ளே விட்டனர். சில ஆண்டுகளிலேயே பல இடங்களில் நாணல் மீண்டும் முளைத்தது. 2016இல் இச்சதுப்பு நிலங்கள் உலக மரபுச் சின்னமாயின. ஆயினும், இவற்றின் நீர் துருக்கி, சிரியா, ஈரான் ஆகிய நாடுகளைக் கடந்து வரவேண்டியுள்ளது. மேலே அணைகள் பெருகியமையாலும், 2021க்குப் பின் வந்த வறட்சியாலும் நீர் சுருங்கி, எருமை வளர்ப்போர் மீண்டும் ஊர் விட்டுச் செல்ல நேர்ந்தது. கீழ்மடைக்காரனின் நிலை மேல்மடைக்காரன் கையில் இருக்கிறது என்பதை நம் உழவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வாழ்வோரே காவலர்

மவுரிட்டேனியாவின் ஆர்கின் கடற்கரைப் பூங்கா 1976இல் அமைக்கப்பட்டது. குளிர்காலத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கரைப்பறவைகள் அங்கு வந்து தங்குகின்றன. பூங்கா அமைந்தபோது, அங்குத் தொன்றுதொட்டு வாழும் இம்ராகென் மீனவர்கள் வெளியேற்றப்படவில்லை. பூங்காவினுள் மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கே அளிக்கப்பட்டது. ஆனால் பாய்மரப் படகுகளையே பயன்படுத்த வேண்டும், இயந்திரப் படகு கூடாது என்பது விதி. வரம்பும் உண்டு, அவ்வரம்பினால் பயன் பெறுவோரும் அவர்களே. ஆதலால், வெளியார் அத்துமீறுவதை முதலில் கண்டு சொல்வோராகவும் அவர்கள் விளங்குகின்றனர்.

நாம் அறியத்தக்கவை

மேற்கூறியவற்றினின்று மூன்று உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, நீர்நிலையைச் சுற்றி எல்லைக்கல் நடுவது மட்டும் அதைக் காத்தலாகாது. நீர் எங்கிருந்து வருகிறதோ, அங்கும் காவல் வேண்டும். வரத்துக்கால் அடைபட்டாலும், சுற்றுவட்டாரக் கிணறுகள் வரம்பின்றி ஆழப்பட்டாலும், ஏரியின் கரை உறுதியாக இருந்து பயனில்லை.

இரண்டாவது, வரவறிந்து செலவு செய்தல் குடும்பத்திற்கு எவ்வாறோ அவ்வாறே நீருக்கும் இன்றியமையாதது. ஓராண்டில் ஊறும் நீர் எவ்வளவு, எடுக்கும் நீர் எவ்வளவு என்ற கணக்கு ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வரம்பு விதிக்கும்போது அது எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும். இருப்பவனுக்கு இடங்கொடுத்து இல்லாதவனை மட்டும் தடுக்கும் விதி நிலைக்காது. அந்நீரையும் நிலத்தையும் நம்பி வாழ்வோரைக் கலந்து வகுக்கும் விதியே நிலைக்கும்.

அஸ்ரக் எந்தச் சர்வதேசப் பட்டியலில் இருந்ததோ, அதே ராம்சார் பட்டியலில் நம் கோடியக்கரை 2002ஆம் ஆண்டிலும், வேடந்தாங்கல் 2022ஆம் ஆண்டிலும் இடம் பெற்றன. பட்டியலில் இடம் பெறுவது பெருமையே. அப்பெருமை பெற்ற அஸ்ரக் பதினைந்தே ஆண்டுகளில் வற்றியது என்பதை மறவாதிருத்தல் நலம். தம் ஊர்ப் பொது நீரிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு எடுக்கலாம், எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதை ஊரார் கூடி முடிவு செய்து, அம்முடிவுக்குத் தாமே கட்டுப்படுவாராயின், அந்நீர் அவர்தம் மக்களுக்கும் எஞ்சி நிற்கும்.