பழைய இரும்பு பிரிக்க உதவும் கைக்கருவிகள்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள முடிச்சூர், மாடம்பாக்கம், அகரம்தென், படப்பை முதலிய ஊர்களில் விளைநிலங்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. ஆனால் பம்பு செட்டு அறையில் கிடக்கும் எரிந்துபோன மோட்டார், துருவேறிய ஜி.ஐ. குழாய், உடைந்த கொழு, பழைய ஆயில் எஞ்சின் ஆகியவை பல வீடுகளில் இன்னும் அப்படியே இருக்கின்றன. இவற்றை முழுசாகத் தூக்கிக் காயலான் கடையில் போட்டால், உள்ளே இருக்கும் செம்புக்கும் பித்தளைக்கும் கடைக்காரர் மனம்போல்தான் மதிப்புப் போடுவார். ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய காலத்துக் கணக்கு அது. பிரித்து இனவாரியாகக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்கும். மூன்று சக்கர வண்டியில் பழைய சாமான் சேகரிப்போருக்கும் இது பொருந்தும்.

இதற்கு மின்சாரக் கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு ராத்தல் சுத்தியல், சம்மட்டி, இரும்பு உளி, ரம்பச் சட்டம், ரிங் ஸ்பானர் வரிசை, பைப் ரெஞ்ச், கட்டிங் பிளேயர், கடப்பாரை, ஒரு காந்தம் ஆகியவை போதும். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் இவை பழையதாகவே கிடைக்கும். வாங்கும்போது ஸ்பானரின் வாய் அகன்றிருக்கிறதா, சுத்தியலின் காம்பு ஆடுகிறதா என்று பார்ப்பது அவசியம். உளியின் தலை அடிபட்டுக் காளான்போல் விரிந்திருந்தால், அந்த விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்து நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லுதான் பலருடைய கண்ணைப் பறிக்கிறது. கண்ணாடி அணியாமல் உளி பிடிக்கக் கூடாது.

காந்தத்துக்குப் பணம் செலவிட வேண்டாம். பழுதான ஒலிபெருக்கியின் பின்புறத்தில் வட்டமான காந்தம் இருக்கும். அதில் ஒட்டுவது இரும்பு. செம்பு, பித்தளை, அலுமினியம், ஈயம் ஒட்டா. எவர்சில்வரிலும் பல வகைகள் ஒட்டுவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். காந்தத்தோடு ஓர் அரமும் இருந்தால் ஏமாற்றம் குறையும். பித்தளை முலாம் பூசிய இரும்பை அரத்தால் ஒருமுறை இழுத்தாலே உள்நிறம் தெரிந்துவிடும். சில மோட்டார்களில் அலுமினியக் கம்பி வைண்டிங் உண்டு. மேல்வார்னிஷ் செம்பு நிறமாக இருக்கும்; கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். செம்பு தண்ணீரைப்போல் ஏறக்குறைய 9 மடங்கு எடை. அலுமினியம் 3 மடங்குக்கும் குறைவு. கையில் எடுத்தாலே வித்தியாசம் புரியும்.

மோட்டாரைப் பிரிக்கும் முறை

முதலில் மின் இணைப்பை முழுவதும் துண்டிக்க வேண்டும். ஒருமுனை மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள கண்டென்சர், இணைப்பை எடுத்த பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். 100 வாட் குண்டு பல்பின் இரு ஒயர்களையும் அதன் இரு முனைகளில் சற்று நேரம் தொடவிட்டால் மின்சாரம் இறங்கிவிடும். முனைகளைக் கையால் தொடக் கூடாது. கண்டென்சரை உடைப்பதும் கூடாது.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, ஓர் இரவு விடலாம். மறுநாள் தலையில் நாலு தட்டுத் தட்டி, முதலில் சிறிது இறுக்கி, பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் கழன்றுவிடும். தலை மழுங்கிய போல்ட்டோடு மல்லுக்கட்டாமல், நட்டின் பக்கவாட்டில் உளி வைத்துப் பிளப்பது நேரம் மிச்சம். விசிறியையும் இருபக்க மூடிகளையும் எடுத்த பிறகு, அச்சின் முனையில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் உருளை வெளியே வரும்.

வைண்டிங்கை எடுப்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கொளுத்திவிட்டால் கம்பி தானே கழன்றுவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு பக்கத்தில் கம்பிச் சுருளை இரும்பு முகப்போடு ஒட்டினாற்போல் கூர்மையான உளியால் வெட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து கொக்கியால் இழுத்தால் கொத்துக் கொத்தாக வந்துவிடும். அரை நாள் வேலைதான். எரித்த கம்பி கருத்துப்போய் மாற்றுக் குறைந்ததாகக் கணக்கிடப்படும். எரிக்காத கம்பிக்கு விலை அதிகம்.

பம்பின் உடல் பீடு, அதாவது வார்ப்பிரும்பு. இதை ரம்பத்தால் அறுக்க வேண்டியதில்லை. இருபுறமும் கல் வைத்து, மேலே நனைந்த சாக்குப் போர்த்தி, நடுவில் சம்மட்டியால் அடித்தால் உடையும். ஜி.ஐ. குழாய்க்கு ரம்பம் வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு குழாய்க்கும், 18 பல் உள்ளது கனத்த இரும்புக்கும், 32 பல் உள்ளது தகட்டுக்கும் ஏற்றவை. பல் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்தம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் பிளேடு முறியும்.

ஒயரை எரிக்கலாகாது

நீர்மூழ்கி மோட்டாரின் தடித்த கேபிளைப் பலகையில் ஆணியால் இறுக்கி, கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுக்கலாம். மெல்லிய ஒயரை உரிப்பது கூலிக்குக் கட்டாது; உறையோடு விற்பதே மேல். ஒயர் உறையான பி.வி.சி. பிளாஸ்டிக்கில் குளோரின் உண்டு. எரித்தால் நெஞ்சை அரிக்கும் அமில வாயுவும் டையாக்சின் என்னும் நஞ்சும் கிளம்பும். டையாக்சின் புல்லில் படிந்து, மாட்டின் வயிற்றுக்குப் போய், பால் கொழுப்பில் சேர்கிறது. பழைய ஒயர் உறைகளில் ஈயமும் உண்டு. அது சாம்பலோடு மண்ணில் தங்கிவிடும். செம்பைத் தேடிக் கீரைப் பாத்தியைக் கெடுத்துக்கொள்வதா?

கையே வைக்கக் கூடாத பொருள்களும் உள்ளன. பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கக் கூடாது. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி விற்பனையாளர் வழியாகத் திருப்பித் தரலாம். மூடிய எரிவாயு உருளை, குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் இவற்றில் உளி படக் கூடாது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இன்னதென்று தெரியாத உருண்டை அல்லது குழல் வடிவ உலோகம். சிங்கப்பெருமாள்கோவிலை அடுத்த அனுமந்தபுரத்தில் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம் இருப்பதை இப்பகுதியினர் அறிவர். 2019 ஆகஸ்டில் திருப்போரூரை அடுத்த மானாம்பதியில், கோயில் குளத்தில் கிடைத்த ஒரு பொருள் வெடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அத்தகைய பொருளைத் தட்டவும் தூக்கவும் கூடாது. விலகி நின்று காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

உடைக்கும் வேலையைத் தார்ப்பாய் விரித்து அதன்மேல் செய்வது நல்லது. வேலை முடிந்ததும் ஒலிபெருக்கிக் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுவதும் இழுத்தால், கம்பித் துண்டும் ஆணியும் ஒட்டிக்கொண்டு வரும். செம்புத் துண்டு ஒட்டாது என்பதால் அதைக் கண்ணால் தேடிப் பொறுக்க வேண்டும். மாடு மென்று பார்த்துத் தின்பதில்லை. தீவனத்தோடு விழுங்கிய கம்பி, தேன்கூடு போன்ற இரண்டாம் வயிற்றில் தங்கி, அதைத் துளைத்து இதய உறையையும் குத்தும். தீனி குறைந்து, பால் வற்றி, முன்னங்கால் முட்டியை அகற்றி வைத்து, சரிவில் இறங்கத் தயங்கும் மாட்டை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.