செவ்வல்காவின் நிறம் சொல்லும் செய்தி

நோன்பு காலத்தில் நம் வீடுகளில் செய்யும் 'கடற்பாசி' இனிப்பை அறியாதவர் இல்லை. அதற்கான அகார், கிரசிலாரியா போன்ற செவ்வல்காக்களின் கலச்சுவரிலிருந்து பெறப்படுகிறது. புத்தளம் களப்பிலும் திருகோணமலைக் கரையோரத்திலும் கிரசிலாரியா வளர்கிறது. செந்நிறத் தாவரத்திலிருந்து வெண்ணிற அகார் எப்படிக் கிடைக்கிறது? உயர்தர உயிரியல் கற்கும் எனக்கு இக்கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

செவ்வல்காக்களிலும் பச்சைநிறக் குளோரபில் உண்டு. ஆனால் பைக்கோஎரித்திரின் என்னும் சிவப்பு நிறப்பொருள் அதை மறைத்துவிடுகிறது. இது நீரில் கரையும் புரதம். ஆகவே பாசியைத் திரும்பத் திரும்பக் கழுவி வெயிலில் உலர்த்தும்போது சிவப்பு நீங்கிவிடுகிறது.

கடல்நீர் சிவப்பு ஒளியை மேல்மட்டத்திலேயே உறிஞ்சிவிடும். நீல, பச்சை ஒளியே ஆழத்துக்குச் செல்லும். குளோரபில் நன்கு உறிஞ்சாத பச்சை ஒளியைப் பைக்கோஎரித்திரின் பிடித்து, பைக்கோசயனின் வழியாகக் குளோரபிலுக்குக் கடத்துகிறது. 1985 இல் பஹாமாஸ் கடலில் 268 மீற்றர் ஆழத்திலும் ஒரு செவ்வல்கா வாழ்வது அறிவிக்கப்பட்டது.

இந்த நிறம் நிலையானதல்ல. ஒளி குறைந்தால் அல்கா கூடுதலான பைக்கோஎரித்திரினை ஆக்கி, கருஞ்சிவப்பாகும். ஒளி மிகுந்த ஆழமற்ற நீரில் அது குறைந்து, மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றும். ஒரே இனமே இரு இடங்களில் இரு நிறம் காட்டுவதால், நிறத்தை மட்டும் வைத்து அல்காவை வகைப்படுத்த முடியாது.

நைதரசனும் முக்கியமானது. பைக்கோஎரித்திரின் புரதமாதலால் அது நைதரசன் சேமிப்பாகவும் பயன்படுகிறது. நீரில் நைதரசன் குறையும்போது அல்கா அச்சேமிப்பைச் செலவிட்டு வெளிறுகிறது. நைதரசன் மீண்டும் கிடைத்தால் நிறமும் திரும்புகிறது.

வெப்பம் மிகுந்தாலும், பெருமழையால் உவர்த்தன்மை சடுதியாகக் குறைந்தாலும் அல்கா நலிவடையும். வட மாகாணக் கரையோரங்களில் கயிறுகளில் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைக்கஸ் இவ்வாறு நலிவுறும்போது 'ஐஸ்-ஐஸ்' நிலை தோன்றலாம். கிளைகள் வெளுத்து, மென்மையாகி முறிந்து விழும். கயிற்றிலிருந்து முறிந்து போவது ஒரு குடும்பத்தின் வருமானம்.

ஆகவே பாசி வளர்ப்போர் அறுவடைக்கு முன் நிறையை மட்டுமன்றி நிறத்தையும் கவனிக்க வேண்டும். வெளிறத் தொடங்கும்போதே கயிற்றைச் சற்று ஆழமான, நீரோட்டமுள்ள இடத்துக்கு மாற்றினால் இழப்பைக் குறைக்க வாய்ப்புண்டு. ஒளித்தொகுப்புப் பாடத்தில் நாம் மனனம் செய்யும் நிறப்பொருள்களின் பெயர்கள், கரையோர மக்களின் வாழ்வாதாரத்தோடு இவ்வளவு நெருங்கியவை.