கூட்டிணைந்த சமூக வலைத்தளங்கள்: தொடர்பும் வளர்ச்சியும்



கடுகண்ணாவைக் கணவாயால் செல்லும் வீதியில் டோசன் கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி இவ்வீதியாலேயே ஓடத் தொடங்கியது. இன்று கடுகண்ணாவையில் இலங்கை முத்திரை ஒட்டித் தபாலில் சேர்க்கும் கடிதத்தைச் சென்னையில் இந்தியத் தபாற்காரர் ஒப்படைக்கிறார். இரு திணைக்களங்களும் வேறு வேறு நிருவாகங்கள், விதிகளோ பொதுவானவை. 1874 இல் பேர்ன் நகர உடன்படிக்கையால் உருவான சர்வதேச தபால் ஒன்றியமே இதற்கு அடிப்படை. இவ்வுதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டு பாடத்திற்குள் செல்வோம்.

1. கூட்டிணைப்பு என்றால் என்ன?

வெவ்வேறு நிருவாகங்களின் கீழுள்ள சேவையகங்கள் பொதுவான நடப்பொழுங்கு ஒன்றைப் பின்பற்றித் தமக்குள் தகவல் பரிமாறுவதே கூட்டிணைப்பு ஆகும். மின்னஞ்சல் இதற்குப் பழைய உதாரணம். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு அஞ்சல் அனுப்பலாம். ஆனால் பேஸ்புக் கணக்கிலிருந்து டுவிட்டர் (தற்போது எக்ஸ்) கணக்கொன்றைப் பின்தொடர முடியாது. அவை மூடிய தளங்கள்.

2. தளங்கள் தொடர்புகொள்ளும் முறை

2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ‘அக்டிவிட்டிபப்’ எனும் நடப்பொழுங்கைப் பரிந்துரைத்தது. மஸ்டடோன் (குறும்பதிவு), பிக்செல்பெட் (படம்), பியர்டியூப் (காணொளி), லெம்மி (கலந்துரையாடல்) என்பன இதனைப் பயன்படுத்துகின்றன.

(அ) பயனரின் முகவரியில் அவரது பெயரும் சேவையகத்தின் பெயரும் இருக்கும்.
(ஆ) ஒருவரைப் பின்தொடரும் வேண்டுகோள் சேவையகத்திலிருந்து சேவையகத்திற்குச் செல்லும்.
(இ) அவர் புதிதாகப் பதிவிட்டால் அதன் பிரதி பின்தொடர்வோரின் சேவையகங்களுக்கு அனுப்பப்படும்.
(ஈ) மறுமொழி அதே வழியில் திரும்பி வரும்.

இதனால் பியர்டியூப் காணொளிக்கு மஸ்டடோன் பயனர் கருத்துக் கூறலாம்.

3. வளர்ச்சி

மஸ்டடோன் 2016 இல் தொடங்கப்பட்டது. 2022 ஒக்டோபரில் டுவிட்டரை இலோன் மஸ்க் வாங்கியதும் பலர் இதற்கு மாறினர். இரண்டு மாதங்களில் செயற்படும் பயனர் தொகை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்தது. பின்னர் அது பாதிக்கும் கீழே குறைந்தது. எனவே வளர்ச்சி சீரானதன்று. பெரிய தளத்தில் அதிருப்தி ஏற்படும்போது அலையாக வருவது.

வளர்ச்சியின் இன்னொரு வழி பெரிய நிறுவனத்தின் வருகை. 2023 ஜூலையில் மெட்டா தொடங்கிய திரெட்ஸ், அதே ஆண்டு டிசம்பரில் அக்டிவிட்டிபப் இணைப்பைப் பரீட்சித்தது. சில சேவையகங்கள் அதனை முன்கூட்டியே தடுத்தன. காரணம் உண்டு. முன்பு கூகுள் டோக் வேறு சேவையகங்களுடன் உரையாட இடமளித்தது. 2013 இல் கூகுள் ஹாங்அவுட்ஸுக்கு மாறியபோது அவ்விணைப்பைக் கைவிட்டது.

4. இது நமக்கு ஏன் முக்கியம்?

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை நிகழ்ந்தது. வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் பரவின. மார்ச் 7 இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றைத் தடைசெய்தது. வதந்தி பரப்பியவருடன், உறவினரின் நலம் விசாரிக்க விரும்பியவரும் தடைப்பட்டார். 2020 மே மாதத்தில், தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்குப் பேஸ்புக் மன்னிப்புக் கோரியது. கண்டியில் பரவிய பதிவை நீக்கும் அதிகாரம் தொலைதூர நிறுவனம் ஒன்றிடமே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

கூட்டிணைந்த முறையில் ஒவ்வொரு சேவையகமும் தன் விதிகளைத் தானே வகுக்கும். தீங்கான சேவையகத்துடன் தொடர்பைத் துண்டிக்கும். 2019 இல் காப் எனும் தளம் மஸ்டடோன் மென்பொருளுக்கு மாறியபோது பல சேவையகங்கள் அவ்வாறே செய்தன.

5. குறைபாடுகள்

• துண்டிக்கப்பட்ட சேவையகம் அழிவதில்லை, தனியே இயங்கலாம்.
• பல சேவையகங்களைத் தொண்டர்களே நடத்துகின்றனர். அவை மூடப்பட்டால் கணக்குகளும் போகும்.
• மஸ்டடோனில் வேறு சேவையகத்திற்கு மாறினால் பின்தொடர்வோரைக் கொண்டுசெல்லலாம். பழைய பதிவுகள் உடன் வருவதில்லை.

மாதிரி வினா

கூட்டிணைந்த வலைத்தளங்கள் வெறுப்புப் பேச்சைத் தடுக்குமா? ஆராய்க.

விடைக் குறிப்பு: “முற்றாகத் தடுக்கும்” என எழுத வேண்டாம். நடப்பொழுங்கு செய்தியைக் கொண்டுசெல்லும். நல்லது கெட்டதை அது பிரித்தறியாது. கட்டுப்படுத்தும் அதிகாரம் பல சேவையகங்களுக்குப் பகிரப்படுகிறது. அதனுடன் பொறுப்பும் பகிரப்படுகிறது. நிருவாகிகளுக்கு மக்களின் மொழியும் சூழலும் தெரிந்திருந்தால் மாத்திரமே அவ்வதிகாரம் பயன்தரும். காரணம் ஒன்றும் உதாரணம் ஒன்றும் சேர்த்து எழுதுங்கள்.